ராய்ஸ் போட்ட படமும் எஃப்.பி.ஐ. பேஸ்மென்ட்டும்

தினமும் காலையில பத்தே காலுக்கு எங்க டீம்ல எல்லாரும் எழுந்து நிற்போம். ஸ்டாண்ட்-அப். பேருக்குத்தான் நிற்கிறது, பாதிப் பேர் வீட்டுல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துகிட்டேதான் நிற்போம் :). நேத்து என்ன செஞ்சீங்க, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க, ஏதாவது தடை இருக்கா, மூணே கேள்வி. பதினஞ்சு நிமிஷத்துல முடியணும். எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். ஏன்னா மேனேஜர் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வச்சிருப்பார். ஒவ்வொருத்தர் சொல்றதையும் சதவீதமா மாத்தி அதுல போடுவார். அந்த ஷீட்ல ரிக்வயர்மென்ட், டிசைன், கோடிங், டெஸ்டிங்னு கட்டம் கட்டமா இருக்கும், ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. கான்ட்ராக்ட் அப்படி. விலை, தேதி, என்னென்ன செய்யணும்ங்கிற பட்டியல், மூணும் முதல் நாளே கையெழுத்தாயிடுச்சு. அதுக்கு மேலதான் ரெண்டு வருஷம் முன்னாடி 'அஜைல்' வந்து உட்கார்ந்தது, பழைய ஓட்டு வீட்டு மேல மொட்டை மாடி போட்ட மாதிரி.

அந்த ஷீட்ல என் பேருக்கு நேரா மூணு வாரமா '90%'ன்னு இருந்தது. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல பழைய பேப்பர்களைத் தேடிப் படிக்கிறது எனக்கு ஒரு பைத்தியம். காலேஜ்ல சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. வாட்டர்ஃபால் மாடல் படம் வரைஞ்சு பாகங்களைக் குறின்னு பதினாறு மார்க் கேள்வி வரும். நானும் மனப்பாடம் பண்ணி வரைஞ்சு மார்க் வாங்கினவன்தான். அந்தப் படத்தை முதல்ல போட்டவர் அதைப் பத்தி என்ன எழுதினார்னு அப்ப யாரும் சொல்லித் தரல. வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் கழிச்சு நானா போய்ப் படிச்சேன்.

ஆள் பேர் வின்ஸ்டன் ராய்ஸ். அமெரிக்காவுல டிஆர்டபிள்யூ கம்பெனிக்காரர். விண்கலங்களுக்கான சாஃப்ட்வேர்ல ஒன்பது வருஷம் மாரடிச்சிட்டு, 1970 ஆகஸ்ட்ல வெஸ்கான்ங்கிற மாநாட்டுல ஒரு கட்டுரை கொடுத்தார். பெரிய சாஃப்ட்வேர் வேலைகளை எப்படி நிர்வகிக்கிறதுங்கிறதுதான் தலைப்பு. அதுல ரெண்டாவது படமா வருது நம்ம பதினாறு மார்க் படம். சிஸ்டம் தேவைகள், சாஃப்ட்வேர் தேவைகள், அனாலிசிஸ், டிசைன், கோடிங், டெஸ்டிங், ஆபரேஷன்னு ஏழு பெட்டி, படிக்கட்டுல தண்ணி இறங்குற மாதிரி. 'வாட்டர்ஃபால்'ங்கிற வார்த்தை அந்தக் கட்டுரையில எங்கயுமே கிடையாது. அந்தப் பேர் 1976 வாக்குல வேற ரெண்டு பேர் எழுதின கட்டுரையில வந்து ஒட்டிக்கிச்சு.

படத்துக்குக் கீழ அவர் எழுதினதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கருத்துல எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனா இதை இப்படியே செஞ்சா ஆபத்து, தோல்விக்கு நாமே வெத்தலைபாக்கு வச்ச மாதிரிங்கிறார் (வெத்தலைபாக்கு என்னோடது). காரணமும் சொல்றார். டெஸ்டிங் கடைசியில வருது. புரோகிராம் எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு மெமரி தின்னும், உள்ளே வெளியே டேட்டா சரியா போகுமாங்கிறதெல்லாம் அதுவரைக்கும் பேப்பர்ல போட்ட கணக்கு. அன்னிக்குத்தான் முதல் தடவையா நிஜத்துல பார்க்கிறோம். அன்னிக்கு உதைச்சா சின்னச் சின்ன ஒட்டுப் போட்டுத் தப்பிக்க முடியாது, டிசைனுக்கே திரும்பிப் போகணும். செலவோ நாளோ நூறு சதவீதம் வரைக்கும் கூடிடும்னு எச்சரிக்கிறார்.

அதுக்கு அஞ்சு மருந்து சொல்றார். அதுல ஒண்ணு, ரெண்டு தடவை செய்யுங்க. முப்பது மாச வேலைன்னா, அதுல ஒரு பத்து மாசம் ஒதுக்கி முதல்ல ஒரு வெள்ளோட்ட வடிவம் பண்ணிப் பாருங்க, கஸ்டமர் கைக்குப் போறது ரெண்டாவது வடிவமா இருக்கட்டும். இன்னொண்ணு, கஸ்டமரை ஆரம்பத்துல இருந்து கூடவே வச்சுக்குங்க.

இதை வச்சு ராய்ஸை அஜைலோட தாத்தான்னு சிலர் மாலை போடறாங்க. அதுவும் ஓவர். மனுஷனுக்கு டாகுமென்ட்னா உயிர். அம்பது லட்சம் டாலருக்கு ஹார்டுவேர் வாங்கினா முப்பது பக்க ஸ்பெக் போதும், அதே காசுக்கு சாஃப்ட்வேர் வாங்கினா 1,500 பக்கம் வேணும்னு எழுதினவர். அவருக்குப் பேப்பர் மேல கோபம் கிடையாது. கெட்ட செய்தி கடைசியில வந்து சேருதுங்கிறதுதான் அவர் கவலை. இந்த வித்தியாசத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க, எஃப்.பி.ஐ. கதைக்கு வேணும்.

கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு பார்க்கிறது 2001-ல் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1960-களோட ஆரம்பத்துல, மனுஷனை விண்வெளிக்கு அனுப்பின மெர்க்குரி திட்டத்துல, அரை நாளுக்கு ஒரு சுற்றுன்னு வேலை செஞ்சிருக்காங்க. டெஸ்ட்டை முதல்ல எழுதிட்டு அப்புறம் கோடு. ஸ்பேஸ் ஷட்டில் சாஃப்ட்வேரை ஐபிஎம் 1977-ல் இருந்து 1980 வரைக்கும் 31 மாசத்துல 17 சுற்றா செஞ்சது. சராசரியா எட்டு வாரத்துக்கு ஒண்ணு. கவனிங்க, ரெண்டுமே அரசாங்க வேலை, ரெண்டுலயும் மலை மாதிரி டாகுமென்ட்.

அப்புறம் எப்படி அந்த ஏழு பெட்டி ஜெயிச்சது? வாங்குறவங்களுக்கு அது வசதி. 1985-ல் அமெரிக்க ராணுவத் துறை 2167-னு ஒரு தரநிலையைக் கொண்டு வந்துச்சு. சாஃப்ட்வேர் செஞ்சு தர்ற கான்ட்ராக்டர் எந்தக் கட்டத்துல எந்த டாகுமென்ட் தரணும், எந்த ரிவ்யூவுக்கு அப்புறம் அடுத்த கட்டம்னு எல்லாம் அதுல வரிசையா இருந்தது. ஆடிட்டர் மனசு வச்சுப் பாருங்க: ரிக்வயர்மென்ட் முடிஞ்சதா? டாகுமென்ட் இருக்கு. டிசைன் முடிஞ்சதா? இருக்கு. பணம் கொடு. சாஃப்ட்வேர் ஓடுதாங்கிற கேள்வி வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுக்குள்ள ஆள் மாறிடுவாங்க. அந்தத் தரநிலையை எழுதினதுல முக்கியமானவரே பின்னாடி வருத்தப்பட்டார்னு கிரெய்க் லார்மனும் விக்டர் பாசிலியும் 2003-ல் எழுதின வரலாற்றுக் கட்டுரையில இருக்கு. சுற்றுச் சுற்றா செய்யற முறை பத்தி அப்பவே தெரிஞ்சிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன்னாராம். ராணுவமே 1994 டிசம்பர்ல அதைத் தூக்கிட்டு வேற தரநிலை கொண்டு வந்துச்சு.

ஆனா அது அங்க போறதுக்குள்ள இங்க வந்துடுச்சு. எப்படின்னா, அதே ராணுவத் துறை காசுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 1984-ல் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க. கான்ட்ராக்டர்களை எடை போட ஒரு அளவுகோல் வேணும்னு, ஐபிஎம்ல இருந்து வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி தலைமையில தொடங்கின வேலைதான் பின்னாடி சிஎம்எம் ஆச்சு. அஞ்சு லெவல். 1993-ல் பெங்களூர் மோட்டரோலா அஞ்சாவது லெவலைத் தொட்டது, உலகத்துலயே அப்ப அது அபூர்வம். அப்புறம் நம்ம ஊர் கம்பெனிகள் வரிசையா நின்னு வாங்கினாங்க. கடல் தாண்டி இருக்கிற கஸ்டமர், முகம் தெரியாத நம்மகிட்ட வேலை கொடுக்க அந்தச் சான்றிதழ்தான் துணிச்சல் கொடுத்தது. நம்ம சென்னையில 2000-ல் ஹம்ஃப்ரி பேர்லயே ஒரு தர மேம்பாட்டு நிறுவனம் வந்ததுன்னா பார்த்துக்குங்க.

சிஎம்எம் எங்கயும் வாட்டர்ஃபால்தான் செய்யணும்னு சொல்லல. ஆனா 'செஞ்சதுக்கு ஆதாரம் காட்டு'ன்னு கேட்கும். ஆதாரம் காட்ட சுலபமான வழி கட்டம் கட்டமா டாகுமென்ட் போடறதுதான். எங்க மேனேஜரோட எக்செல் ஷீட்டுக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கு. அதை நான் இளக்காரமா சொல்லல. அந்தப் பேப்பர் இல்லேன்னா ஓ.எம்.ஆர். ரோட்டுல பாதிக் கட்டிடம் இருந்திருக்காது, என்னை மாதிரி முதல் தலைமுறை எஞ்சினியருக்கு வேலையும் இருந்திருக்காது.

2001 பிப்ரவரியில யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்டுங்கிற பனிச்சறுக்கு ஊர்ல 17 பேர் கூடி அஜைல் அறிக்கை எழுதின கதை எல்லாருக்கும் தெரியும், ட்ரெயினிங்ல முதல் ஸ்லைடே அதுதான். தாண்டிப் போயிடறேன். எனக்குச் சுவாரஸ்யமே, அந்த அறிக்கைக்கு நேர் எதிரான ஒரு இடத்துக்குள்ள அது போய் என்ன பண்ணிச்சுங்கிறதுதான். எஃப்.பி.ஐ.யை விடக் கட்டுப்பெட்டியான இடம் வேணுமா?

2000-ல் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுங்க கேஸ் விவரம் போட்டுவச்ச சாஃப்ட்வேர் பச்சை எழுத்து ஸ்கிரீன் காலத்தது. 1995-ல் வந்தது, ஆனா பார்த்தா அதுக்கும் முந்தினது மாதிரி இருக்கும். ஏஜென்ட் ஒருத்தரை விசாரிச்சா, பேப்பர் ஃபாரத்துல எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபைல்ல வச்சு, அப்புறம் யாராவது கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இதை மாத்த ட்ரிலஜின்னு ஒரு திட்டம். நெட்வொர்க், கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர்னு மூணு பங்கு. சாஃப்ட்வேர் பங்கு 2001 ஜூன்ல எஸ்.ஏ.ஐ.சி. கம்பெனிக்குப் போச்சு. மூணு மாசத்துல செப்டம்பர் 11 தாக்குதல். பழைய சாஃப்ட்வேருக்குப் புது முகம் வைக்கிற வேலை, மொத்தமா புதுசா ஒண்ணு கட்டற வேலையா மாறிச்சு. அதுக்குப் பேர் விர்ச்சுவல் கேஸ் ஃபைல்.

2002-ல் ஆறு மாசம் ரெண்டு தரப்பும் உட்கார்ந்து தேவைகளை எழுதினாங்க. 800 பக்கத்துக்கு மேல. உட்கார்ந்து எழுதிட்டா மட்டும் தேவை நிற்குமா? மாறிகிட்டே இருந்தது. ஒரே நாள்ல பழசை அணைச்சிட்டுப் புதுசைப் போடறதுதான் திட்டம், சரியா வரலேன்னா திரும்பிப் போக வழி கிடையாது. 2003 டிசம்பர்ல டெலிவரி. ஏழு லட்சம் வரி கோடு. எஃப்.பி.ஐ. எடுத்துக்க மாட்டேன்னுடுச்சு. முதல்ல 17 குறை, அப்புறம் 59 குறைன்னு பட்டியல். எஸ்.ஏ.ஐ.சி. சும்மா இருக்குமா, இதுல பாதி நீங்க மாத்தினதுன்னு சண்டை. நடுவரை வச்சுப் பார்த்ததுல, 59-ல் 19 எஃப்.பி.ஐ. தேவையை மாத்தினதால வந்தது, 40 எஸ்.ஏ.ஐ.சி. தப்புன்னு தீர்ப்பு. யார் தப்புன்னு கணக்கு சுத்தமா வந்தது. சாஃப்ட்வேர் வரல. 17 கோடி டாலர் செலவு. 2005-ல் இழுத்து மூடினாங்க. ராய்ஸ் 35 வருஷம் முன்னாடி எழுதின அதே கடைசிக் கட்ட அதிர்ச்சி.

அடுத்தது சென்டினல். 2006 மார்ச்ல லாக்ஹீட் மார்ட்டினுக்கு 30.5 கோடி டாலர் கான்ட்ராக்ட், மொத்தச் செலவு 42.5 கோடின்னு மதிப்பீடு. பழைய அடி ஞாபகம் இருந்ததால இந்தத் தடவை ஒரே குதியா குதிக்க வேணாம்னு நாலு கட்டமா பிரிச்சாங்க. 2009 டிசம்பர்ல முடியணும். முதல் கட்டம் 2007-ல் வந்தது, பழைய சிஸ்டத்துக்கு ஒரு வெப் முகப்பு. ரெண்டாவது கட்டத்தோட கடைசிப் பகுதியை 2009 டிசம்பர்ல நிபந்தனையோட ஏத்துக்கிட்டாங்க. ஓட்டிப் பார்த்த ஏஜென்ட்டுங்க கொடுத்த கருத்து மோசம். 2010-ல் மிச்ச ரெண்டு கட்டத்துக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி ஆர்டர்.

அப்ப நிலவரம் இது. உயர்த்தின பட்ஜெட் 45.1 கோடி டாலர். செலவானது 40.5 கோடி. முடிஞ்சது நாலுல ரெண்டு கட்டம். மைட்டர்ங்கிற வெளி நிறுவனத்துகிட்ட மதிப்பிடச் சொன்னா, இதே வழியில போனா இன்னும் குறைஞ்சது 35.1 கோடி டாலரும் ஆறு வருஷமும் ஆகும்னாங்க. இந்த எண்களெல்லாம் எதிர்க்கட்சி சொன்னது இல்லை. அமெரிக்க நீதித்துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் அப்பப்ப போட்ட ரிப்போர்ட்டுல இருக்கிறது.

2010 செப்டம்பர்ல எஃப்.பி.ஐ.யோட சிஐஓ சாட் ஃபுல்கம் ஒரு முடிவு எடுத்தார். அவர் லேமன் பிரதர்ஸ்ல இருந்து வந்தவர். வேலையை எஃப்.பி.ஐ.யே நேரடியா கையில எடுத்துக்கும், ஸ்க்ரம் முறையில செய்யும். கான்ட்ராக்ட் ஆட்கள் சுமார் 220 பேர் இருந்தாங்க, 40 ஆக்கினார். எஃப்.பி.ஐ. தரப்புல 30 பேர், 12 ஆச்சு. தலைமையகமான ஹூவர் கட்டிடத்தோட பேஸ்மென்ட்ல எல்லாரையும் ஒரே இடத்துல உட்கார வச்சாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். ஒவ்வொரு ஸ்பிரின்ட் கடைசியிலயும் ஓடுற சாஃப்ட்வேரைக் காட்டணும்.

நான் இந்தக் கதையை முதல்ல கேட்டது ஒரு அஜைல் கோச் வாயால. "பாத்தீங்களா, 40 கோடில முடியாததை ஸ்க்ரம் முடிச்சுக் காட்டிச்சு"ன்னு கைத்தட்டல் வாங்கினார். ரிப்போர்ட்டுங்களைப் படிச்சப்பதான், அவர் சொல்லாம விட்டது நிறைய இருக்குன்னு தெரிஞ்சது. அதுதான் எனக்கு உபயோகமாவும் இருந்தது.

முதல் விஷயம், பழைய தேவைப் பட்டியலை அவங்க குப்பையில போடல. பேக்லாக்ல 670 யூசர் ஸ்டோரி எழுதினாங்க. பழைய ஸ்பெக்ல இருக்கிற எந்தத் தேவையை எது பூர்த்தி செய்யுதுன்னு முடிச்சுப் போட்டு வச்சாங்க. பட்ஜெட் வரம்பும் அதே 45.1 கோடி. இன்ஸ்பெக்டர் ஜெனரல் தலைக்கு மேல நிற்கிறதும் அதே. அரசாங்கத்தோட பழைய சட்டகம் முழுசா அப்படியே இருக்க, அதுக்குள்ளதான் இந்த 52 பேர் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஓட்டிக் காட்டினாங்க. மாறினது ரெண்டே ரெண்டுதான். வேலை செய்யறவனுக்கும் வேலை வாங்குறவனுக்கும் நடுவுல இருந்த கான்ட்ராக்ட் சுவர் இல்லாம போச்சு. ரெண்டாவது, கெட்ட செய்திக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஒளிஞ்சுக்க இடம் இல்லாம போச்சு.

ரெண்டாவது விஷயம், சொன்ன தேதியில முடியல. 2011 செப்டம்பர்னாங்க, தள்ளிப் போச்சு. 2011 அக்டோபர்ல நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்துல உள்ள விட்டு ஒரு சோதனை ஓட்டம் நடத்தினாங்க. ரெண்டு தடவை படுத்துடுச்சு. காரணம் என்னன்னு பார்த்தா, இருந்த ஹார்டுவேர் அந்தப் பாரத்தைத் தாங்காது, புதுசு வாங்கணும். ராய்ஸ் 1970-ல் சொன்னதை இன்னொரு தடவை படிங்க: நேரமும் பாரமும் நிஜமா ஓட்டிப் பார்க்கிற அன்னிக்குத்தான் தெரியும். ஒரு வருஷமா ரெண்டு வாரத்துக்கு ஒரு டெமோ போட்டும், முழுப் பாரத்தை வச்சு ஓட்டிப் பார்க்காததால அது கடைசியிலதான் தெரிஞ்சது. டெமோவுக்கு வர்றவங்க பத்துப் பதினஞ்சு பேர், அவங்களுக்கு எல்லாம் சூப்பரா ஓடும்தானே.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். விர்ச்சுவல் கேஸ் ஃபைல்ல இதே மாதிரி உதைச்சப்ப, நடுவர் வச்சுத் தப்பை எண்ணினாங்க. இங்க தேதியைத் தள்ளி வச்சு, ஹார்டுவேர் வாங்கினாங்க. 2012 ஜூலை 1-ம் தேதி சென்டினல் எல்லாருக்கும் திறந்தது. ஏஜென்ட் எழுதறது, மேலதிகாரி ஒப்புதல், கையெழுத்து எல்லாம் உள்ளேயே.

பொற்காலம்னு முடிச்சிட முடியாது. 2014-ல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஊழியர்கள்கிட்ட ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தாங்க. நிறையப் பேர் வேலை நல்லா நடக்குதுன்னாங்க. ஆனா தேடற வசதியைப் பயன்படுத்தினவங்கள்ல 42 சதவீதம் பேருக்குத்தான் தேடினது அடிக்கடி கிடைச்சிருக்கு. புலனாய்வு அமைப்புல தேடினா கிடைக்கலேன்னா எப்படிங்க! 670 ஸ்டோரியில 'தேடறது' ஒரு ஸ்டோரியா முடிஞ்சிருக்கும், கார்டு நகர்ந்திருக்கும். தேடற ஆளுக்குக் கிடைச்சுதாங்கிறது வேற கேள்வி.

லாக்ஹீட்காரங்க எல்லாம் முட்டாளா, பேஸ்மென்ட்காரங்க எல்லாம் மேதையா? எனக்கு அப்படித் தோணல. முந்தின நாலு வருஷத்துல கட்டினது மேலதான் இவங்க கட்டினாங்க. அந்த 220 பேர்ல, இது ஓடாதுன்னு தெரிஞ்சவங்க நிச்சயம் பல பேர் இருந்திருப்பாங்க. தெரிஞ்சதை எங்க சொல்றது, சொன்னா யார் தலையில விடியும்ங்கிறதுதான் கேள்வி. கட்டத்துக்குக் கட்டம் பணம்னு இருக்கிற இடத்துல, இந்தக் கட்டம் முடியலன்னு சொல்றவன் கம்பெனிக்கு நஷ்டம் வைக்கிறவன். அந்த ஓட்டைக்கு மேல எத்தனை ஸ்டாண்ட்-அப் நடத்தினாலும் அது பழைய ஷீட்டுக்குச் சதவீதம் சப்ளை பண்ற கூட்டமாத்தான் இருக்கும். இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லல.

அந்த 90% கதை. ஒரு நாள் முழுக்க நடந்த பணப் பரிமாற்றங்களை ராத்திரியில சரிபார்க்கிற பேட்ச் ஜாப் அது. பத்தாயிரம் ரெக்கார்டு வச்சு ஓட்டினேன், அழகா ஓடிச்சு. நிஜத்துல வரப்போறது பல லட்சம். முழு டேட்டாவை வச்சு ஓட்டிப் பார்க்கணும்னு தெரியும். ஓட்டினா உதைக்கும்னும் உள்ளுக்குள்ள தெரியும், ஏன்னா ஒரு லூப்புக்குள்ள ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டேட்டாபேஸைத் தட்டிகிட்டு இருந்தேன். மாத்தி எழுத ரெண்டு வாரம் வேணும். ஸ்டாண்ட்-அப்ல என் முறை வரும்போதெல்லாம் "ஆல்மோஸ்ட் டன், தடை எதுவும் இல்லை"ன்னேன். மூணு வாரம், பதினஞ்சு ஸ்டாண்ட்-அப். அப்புறம் கார்டை 'முடிஞ்சது' பக்கம் நகர்த்திட்டேன். ஸ்பிரின்ட் முடியற நாள், எல்லார் கார்டும் நகர்ந்திருக்கணும், சார்ட் அழகா இறங்கணும்.

கஸ்டமர் பக்கத்து யூஏடில முழு டேட்டா ஏத்தினாங்க. ராத்திரி ஆரம்பிச்ச ஜாப் மறுநாள் மதியம் வரைக்கும் ஓடி டைம்-அவுட் ஆச்சு. "இது ஏன் உங்க டெஸ்டிங்ல பிடிபடல?"ன்னு மெயில். கேள்வியே அப்படி வந்ததால பதிலும் அந்தப் பக்கம்தான் போச்சு. எங்க டெஸ்டர், என்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவ, கால்ல உட்கார்ந்து விளக்கம் சொல்லிகிட்டு இருந்தா. அவளுக்கு முழு டேட்டாவே யாரும் கொடுக்கல. அவ கேட்டிருந்தா, எனக்கு மெயில் போட்டு, ரெண்டு தடவை. நான் மியூட்ல இருந்தேன். அந்த வருஷ அப்ரைசல்ல அவளுக்கு ஒரு படி குறைஞ்சது. எனக்கு அந்த ஜாபை ரெண்டு நாள் ராத்திரி முழிச்சுச் சரி பண்ணினதுக்கு 'ஸ்பாட் அவார்டு'.

போன வாரம் புது மாட்யூல் ஒண்ணுல அதே இடத்துக்கு வந்து நின்னேன். ஷீட்ல 80-ன்னு இருந்தது. ஸ்டாண்ட்-அப்ல, "சார், அது 80 இல்லை, 40-தான் இருக்கும். முழு டேட்டா வச்சு நேத்து ஓட்டினேன், தாங்கல"ன்னேன். ரெண்டு செகண்ட் யாரும் பேசல. மேனேஜர், "இதை நான் கிளையன்ட் கால்ல எப்படிப்பா சொல்றது?"ன்னார். அவர் கேட்டதும் நியாயம்தான். அவருக்கும் மேல ஒரு ஷீட் இருக்கு. அப்புறம் 40-ன்னு டைப் பண்ணினார். கட்டம் சிவப்பா மாறிச்சு. அந்த ஷீட்ல சிவப்பு வரும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"வேற யாருக்காவது தடை இருக்கா?"

"எனக்கு அந்த ஃபுல் டேட்டா இன்னிக்கே வேணும்"னா எங்க டெஸ்டர்.

பத்தரைக்கெல்லாம் அனுப்பிட்டேன். பழைய விஷயத்தை அவகிட்ட இன்னும் பேசல. இந்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கும் ஆபீஸ் வர்ற நாள். கேன்டீன்ல நாலு மணிக்கு டீ குடிக்க வருவா.